அம்மா நிரப்பிக் கொடுத்த பாத்திரங்கள்

அப்பா இறந்த அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு மட்டும் ஒரு குறையும் இருக்கவில்லை. வேலைக்குப் போன இடத்தில் மாரடைப்பு வந்து அவர் போய்ச் சேர்ந்தார். எழுபதுகளின் மெல்பனில், நாங்கள் இருந்த தெருவில் எங்களைத் தவிர வேறு தமிழர் இல்லை. சொந்தபந்தம் இல்லாத செத்தவீட்டுக்கு யார் சமைத்துக்கொண்டு வரப்போகிறார்கள்? ஆனால் தகனம் முடிந்த அன்று மாலையே, பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அன்ரி மூடி போட்ட கண்ணாடிப் பாத்திரம் ஒன்றோடு வாசலில் நின்றார். உள்ளே ஆவி பறக்க ஒரு கசரோல், ஓவனில் வேகவைத்த இறைச்சிச் சாப்பாடு.

அதற்குப் பிறகு தெருவே முறை வைத்துக்கொண்டதுபோல் பொழுதுபட ஒவ்வொருவராக வந்தார்கள். கரட்டோடு மணிக்கணக்காக ஓவனில் வெந்த மாட்டிறைச்சி, மேலே உருளைக்கிழங்கு மசியல் பூசிப் பொன்னிறமாக வாட்டிய கொத்திறைச்சி, மக்ரோனியும் டின்மீனும் சீஸும் கலந்த ஒன்று. மூடியைத் திறந்தால் அந்தக் குளிரில் உயிரை இழுக்கும் வாசனை. எங்களுக்கோ துடக்கு, செத்தவீட்டுத் தீட்டு; முப்பத்தோராம் நாள்வரை மரக்கறிதான். துடக்கு இல்லாவிட்டாலும் மாடு எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. இதையெல்லாம் விளங்கப்படுத்த அம்மாவிடம் ஆங்கிலம் இல்லை. எட்டு வயது மொழிபெயர்ப்பாளரான எனக்கோ வாயைத் திறக்க விருப்பமில்லை. மேலே இருந்த கிழங்கை மட்டும் சுரண்டி அம்மா எனக்குத் தருவார். சட்டியின் அடியில் என்ன இருந்தாலும் மேல்தட்டு சைவம் என்பது அவருடைய தீர்ப்பு.

அம்மா ஒரு வாய்கூடத் தொட்டதில்லை. ஆனால் குசினியில் அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தபடியே பாத்திரத்தை மடியில் வைத்துக்கொள்வார், சூடு ஆறும்வரை. பக்கத்து வீட்டு அன்ரி மட்டும் கொடுத்துவிட்டுப் போகமாட்டார். எதிரே இருந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவுக்குப் புரியாத ஆங்கிலத்தில் ஏதேதோ சொல்லுவார். சில நாட்களில் அம்மாவுக்கும் சேர்த்து அவரே அழுவார். அம்மா அழவில்லை.

கழுவிய பாத்திரங்கள் குசினியில் குவிந்தன. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் ஆட்களிடம் இல்லாத பழக்கம். துடக்கு வீட்டில் சமைத்ததை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கவும் கூடாது. ஆகவே அவை அலுமாரித் தட்டுகள் நிறைந்து நிலத்துக்கும் இறங்கிவிட்டன. யாரும் திருப்பிக் கேட்கவில்லை. எதில் வைத்துத்தான் தங்கள் வீட்டுக்குச் சமைத்தார்களோ தெரியாது.

முப்பத்தோராம் நாள், ஐயர் கிடைக்காத ஊரில் அப்பாவின் சிநேகிதர் ஒருவரே தேவாரம் பாடித் துடக்குக் கழித்தார். மறுநாள் விடிய, ஒரு மாதமாகக் கதிரையை விட்டு அசையாத அம்மா எழும்பிச் சமைத்தார். கடையில் கிடைத்த ஏதோ பருப்பில் வடை, திராட்சை வற்றல் போட்ட ரவைக் கேசரி. ஒவ்வொரு பாத்திரத்தையும் விளிம்புவரை நிரப்பினார்.

"இனி நாங்களும் குடுப்பம், அவையளும் வந்து போவினம். இல்லாட்டி இந்த ஊரில நான் ஆரோட இருக்கிறது?" என்றார். ஒரு மாதத்தில் அவர் முழுதாகச் சொன்னது அது ஒன்றுதான்.

நான் வீடு வீடாகக் கொண்டுபோனேன். எல்லோருக்கும் வாயெல்லாம் பல். பக்கத்து வீட்டு அன்ரி என்னைக் கட்டிப்பிடித்து, "இவ்வளவும் உன் அம்மா சமைத்தாரா? அப்படியென்றால் தேறிவிட்டார். இனி எனக்குக் கவலை இல்லை" என்றார்.

நல்ல செய்தியோடு ஓடிவந்தேன். "அம்மா, நீங்கள் சுகமாயிட்டீங்களாம்! எல்லாரும் சொல்லீனம்."

அம்மா கையைத் துடைத்தார். "அன்ரி பின்னேரம் வாறனெண்டு சொன்னவவோ?"

"ஏன் வரவேணும்? அதுதான் சட்டியெல்லாம் குடுத்தாச்சே."

அன்று பின்னேரம் அம்மா தலை வாரிக்கொண்டு வாசலைப் பார்த்து இருந்தார். மறுநாளும் இருந்தார். ஒருவரும் வரவில்லை. வேறு ஒருவராக இருந்தால் போய்க் கதவைத் தட்டியிருப்பார். அம்மாவுக்கு அந்தத் துணிவும் இல்லை, அதற்கான பாஷையும் இல்லை. அந்தத் தெருவில் அதற்குப் பிறகும் பல குளிர்காலங்கள் இருந்தோம். வேலிக்கு மேலால் கையசைப்பார்கள், குளிர் கூடிவிட்டது என்பார்கள். நல்ல மனிதர்கள். தேறிய ஒருத்தியைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்த மூன்றாம் நாள் இருட்டியபோது அம்மா வாய்விட்டு அழத் தொடங்கினார். அப்பாவின் பெட்டியை மூடும்போதுகூட அவர் அப்படி அழவில்லை. அப்பாவை நினைத்து அழுகிறார் என்று எண்ணிக்கொண்டு, அப்பா கடவுளிடம் போய்விட்டார், அங்கே குளிராது என்று பெரியவர்கள் எனக்குச் சொன்னதையெல்லாம் நான் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.