மாக்ரெட்டின் சிவப்பு மை

குதிரையை மரத்தடியில் நிறுத்திவிட்டு மாக்ரெட் கண்ணாடியை மூக்கில் ஏற்றுகிறாள். குதிரை நிற்பது டீவிக்குள்ளே. தடித்த அட்டை போட்ட சீஆர் கொப்பியும் இரண்டு பேனைகளும் இருப்பது கொழும்பு கொட்டாஞ்சேனையில், அவளுடைய மடியில். நீலப் பேனையால் திகதி போட்டு எழுதுகிறாள்: "கிணத்தடிக் கிழவனுக்கு மூலிகை குடுத்தாச்சு. ஆள் பொய்க்காரன், நம்ப வேண்டாம்." பிறகு பேனையை மாற்றிச் சிவப்பில் ஒரு வரி. சிவப்பு என்றால் அது யாருக்கோ கொடுத்த வாக்கு.

வெள்ளவத்தையில் ஒரு தனியார் வைத்தியசாலையில் இருபது வருடத் தாதி அவள். முறை மாறும்போது அடுத்து வருகிறவளுக்கு வார்டுக் கொப்பியில் எழுதிவைப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. காய்ச்சல், மருந்து, பிரஷர் எல்லாரும் எழுதுவார்கள். மாக்ரெட் அதற்குக் கீழே இன்னொன்றும் எழுதுவாள்: "ஏழாம் கட்டில் அம்மாவுக்குப் பின்னேரம் மகனோட போனில கதைக்க வைக்கிறன் எண்டு சொல்லியிருக்கு." அதை எழுதாவிட்டாலும் மருந்தெல்லாம் நேரத்துக்குப் போய்விடும். அந்த அம்மா மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

கணவர் றேமண்டுக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. நாலு வருடமாக இருவரும் ஒரே கேமை, ஒரே வீரனை வைத்து விளையாடுகிறார்கள். கண்டவனையெல்லாம் சுட்டுத் தள்ளுகிற சங்கதியல்ல அது. மலையும் பனியுமாக ஒரு முழு நாடு. எந்தத் திசையிலும் போகலாம். போகிற ஊரிலெல்லாம் யாராவது ஓர் உதவி கேட்பார்கள். அவர் கடலில் இருக்கும்போது வீரன் மாக்ரெட்டின் பொறுப்பு. அவர் வந்ததும் வாசித்துவிட்டுத் தொடரத்தான் அந்தக் கொப்பி. "ஓம் ஓம், கேக்குது, கத்தாதீங்க," என்று திரையில் வருகிற வியாபாரியோடு வாய் கொடுப்பாள். நாவு அப்படி! பிழைத்துப்போனால் முன்பு சேமித்துவைத்த பழைய சேவுக்குத் திரும்பிப் போவது மட்டும் அந்த வீட்டில் பாவம். நடந்தது நடந்ததுதான்.

கேமுக்குள்ளேயே ஒரு குறிப்பேடு இருக்கத்தான் செய்கிறது. செய்ய வேண்டிய வேலைகளை அது வரிசையாகப் போடும். முடிந்ததற்குச் சரி போடும். அடுத்த இடத்துக்கு மஞ்சள் அம்புக்குறி காட்டும். மாக்ரெட்டுக்கு அதன்மேல் துளியும் மதிப்பில்லை. "அது வேலைய எழுதும், வாக்க எழுதாது. அத நம்பினா உருப்பட்ட மாதிரித்தான்," என்பாள்.

சும்மா சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறாள். போன முறை றேமண்ட் வந்து இறங்கிய அன்றே, கொப்பியைத் திறந்தும் பாராமல் அம்புக்குறிக்குப் பின்னால் குதிரையை விட்டார். காவலன் கேட்டதும் ஒரு மருத்துவிச்சியின் வீட்டைக் காட்டிக்கொடுத்தார். உன்னை யாருக்கும் சொல்லமாட்டேன் என்று மாக்ரெட் வாக்குக் கொடுத்திருந்த மனுசி அவள். பத்தே நிமிடத்தில் வீடு எரிந்தது.

"அடியே, கேம்தானே!" என்றார் றேமண்ட்.

"கேமோ என்னமோ, வாக்குக் குடுத்தது நான்."

இரண்டு நாள் சமைத்துப் போட்டாள், கதைக்கவில்லை. மருத்துவிச்சிக்காக அழுதாளா, தன் கையெழுத்துக்கு வீட்டில் இவ்வளவுதான் மரியாதை என்று அழுதாளா, அவளுக்கே தெரியாது. அழுதது மெய்.

இந்த முறை ஆலைக்குள் ஒரு கொல்லன் ஒளிந்திருக்கிறான், தளபதிக்குத் தப்பி ஓடி வந்தவன். ஆற்றைக் கடத்திவிடுகிறேன் என்று மாக்ரெட் சொல்லியிருக்கிறாள். படகும் ஆயத்தம், ஐந்து நிமிட வேலை. வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறாள். அம்புக்குறியோ தளபதியின் பாசறையைக் காட்டுகிறது. றேமண்ட் அங்கே போய் வாய் திறந்தால் கொல்லனின் கதை முடிந்தது.

"நான் ஒண்டும் சொல்லப்போறதில்ல. அவராக் கொப்பியக் கேக்கிறாரா எண்டு பாப்பம்," என்று வார்டில் சொன்னாள்.

கூட வேலை செய்கிற மாளிகாவத்தை ஸமீமா தலையில் கை வைத்தாள். "அல்லாவே! மனிசன் ஒம்பது மாசம் கழிச்சி வாரார், நீங்க சோதின வெக்கிறீங்களா? கேக்காட்டி?"

"கேப்பார்," என்றாள் மாக்ரெட். குரலில் ஆட்டமே இல்லை. மருந்துத் தட்டைத்தான் இரண்டு தரம் சரிபார்த்தாள்.

ஞாயிறு பகல் றேமண்ட் வந்தார். குளித்தார். பாரைமீன் குழம்பை இரண்டு தரம் ஊற்றிச் சாப்பிட்டார். கை துடைத்த கையோடு கொன்ட்ரோலரை எடுத்தார். மாக்ரெட் கொப்பியைக் குஷனுக்கு மேல் வைத்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அம்புக்குறி மினுங்கியது. குதிரை சந்தையைத் தாண்டியது, ஆலையைத் தாண்டியது. பாலத்தில் ஏறியது. அக்கரையில் தளபதியின் கொடி தெரிந்தது. மாக்ரெட் மனசுக்குள் மன்றாடினாள். மாதாவே, கேக்கச் சொல்லு! வாயை மட்டும் இறுக்கிப் பூட்டிக்கொண்டாள்.

பாலத்தின் நடுவில் குதிரை நின்றது. றேமண்ட் கொன்ட்ரோலரை மேசையில் வைத்தார்.

"மாக்கி, இந்தத் தளபதியோட எனக்கென்ன கதை? நீ ஆருக்கும் ஏதும் சொல்லி வச்சிருக்கியா? கொப்பி எங்க?"

மாக்ரெட் இருந்த இடத்திலிருந்து சற்றே எழும்பி, கசங்கிச் சூடேறிக் கிடந்த கொப்பியை உருவி எடுத்து, சிவப்பு வரியில் விரலை வைத்து அவர் மடியில் விரித்தாள்.