சின்னவள் எங்கே உட்கார்ந்தாள்?

"அக்கா, இந்த வீட்டுல பெலாச்சான் சேத்துக்குவாங்களா?"

ஒரு நாவலைப் பற்றி என்னிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். முடிவு சுபமா, அழ வைக்குமா, குழந்தைகள் படிக்கலாமா... ஆனால் அந்தக் குடும்பம் பெலாச்சான் என்கிற இறால் விழுது தின்னுமா என்று கேட்டது கமலம் ஒருத்திதான். மலாக்காவில், காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள்.

சில மாதங்களுக்கு முன் இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் ஒரு குடும்ப நாவலைச் சிபாரிசு செய்திருந்தேன், நினைவிருக்கிறதா? காவிரிக் கரையில் ஒரு பெரிய வீடு, நான்கு அண்ணன் தம்பிகள், நான்கு மருமகள்கள், ஒரே அடுப்பு. பெயரை அப்போதே சொல்லிவிட்டேன். மறுபடி சொன்னால் கமிஷன் வாங்குகிறேன் என்பீர்கள். தலைவலி வந்தால் மற்றவர்கள் தைலம் தேய்ப்பார்கள். நான் அந்தப் புத்தகத்தில் பொங்கல் அத்தியாயத்தை எடுத்துப் படிப்பேன். "உன் இன்னொரு புகுந்த வீடு" என்று என் வீட்டுக்காரர் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்.

அதைத்தான் கமலம் இரவல் வாங்கிப் போனாள். எனக்கு ஒரே ஆச்சரியம். அவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கே மலாக்காவில். பக்கத்துக் குடியிருப்பான கம்போங் செட்டியின் தோழிகளோடு மலாயில் வாய் ஓயாமல் பேசுவாள். தமிழை மட்டும் விரல் வைத்து, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அவளுக்கு எதற்கு இவ்வளவு தடிமனான புத்தகம்?

கேட்டேவிட்டேன்.

"அவரு ஊருக்குப் போயிடலாங்குறாருக்கா. நான் அந்த வீட்டையும் பாத்ததில்ல, அந்த ஊரையும் பாத்ததில்ல. இதப் படிச்சா அங்க எப்படி நடந்துக்கணும்னு தெரிஞ்சிக்கலாம்ல?"

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்ததிலிருந்து நம்மவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சுதானே? குடியுரிமை எடுத்துக்கொண்டு இங்கேயே இருப்பதா, மூட்டை கட்டுவதா? கமலத்தின் கணவர் சுப்பையா ரப்பர் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அங்கே அவருக்கு மூன்று அண்ணன்கள், ஒரு பெரிய வீடு. "வந்துவிடு, உனக்கு ஓர் அறை இருக்கிறது" என்று மூத்தவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். மனிதர் அன்றிலிருந்து கால் தரையில் படாமல் நடக்கிறார்.

ஆக, கமலம் படித்தது நாவலே இல்லை. குடியேறப் போகும் வீட்டை முன்கூட்டியே சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்!

தினமும் பசாருக்குப் போய்வரும் வழியில் ஒரு கேள்வியோடு வருவாள். மூத்த ஓரகத்தியை எப்படிக் கூப்பிட வேண்டும்? பெட்டிச் சாவி யார் இடுப்பில் இருக்கும்? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்லிவிட்டு டாக்டரிடம் போவது? நானும் உற்சாகமாகப் புரட்டிப் புரட்டிப் பதில் சொன்னேன். நாவலாசிரியரே பக்கத்தில் நின்றாலும் இவ்வளவு பொறுமையாகச் சொல்லியிருக்க மாட்டார்.

போன மாதம் ஒரு நாள் வந்தவள், காய்கறிக் கூடையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"அக்கா, இந்தப் புஸ்தகத்துல சின்ன மருமக ஒரு தடவகூட உக்காரவே இல்லியே, கவனிச்சீங்களா?"

"அதெப்படி உக்காராம இருப்பா? பொங்கல் அன்னிக்கி எல்லாரும் கூடத்துல உக்காந்து சிரிச்சிப் பேசுவாங்களே..."

"பாத்து சொல்லுங்க."

பார்த்தேன். பொங்கல் அத்தியாயம் எனக்கு மனப்பாடம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்? மூத்தவள் உட்கார்ந்து பாக்கு வெட்டுகிறாள். இரண்டாமவள் பாடுகிறாள். மூன்றாமவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கேலி பேசுகிறாள். சின்னவள்... சின்னவள் காபி கொண்டுவருகிறாள். தம்ளர்களை எடுத்துப் போகிறாள். கல்யாண அத்தியாயத்தில் தேடினேன், அங்கே பந்தி விசாரிக்கிறாள். மாமனார் படுத்த படுக்கையாகக் கிடக்கும்போது கதவு நிலையில் சாய்ந்து நிற்கிறாள். உட்கார்ந்ததாக ஒரு வரி இல்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. எழுதியவர் மேலா, இத்தனை வருஷம் ரசித்து ரசித்துப் படித்த என் மேலா?

"இத அவர்ட்ட சொன்னியா?"

"நான் சொன்னா சண்டையில முடியும்கா. 'ஒனக்கு எங்க ஆளுங்களப் புடிக்கல'ம்பாரு. அவரே படிக்கட்டும்."

படித்தார். அதுதான் வினையாகப் போயிற்று! முற்றம், மாட்டுக் கொட்டகை, அண்ணன் தம்பிகள் ஒரே பாயில் படுத்து ஊர்க்கதை பேசுவது... பக்கத்துக்குப் பக்கம் "எங்க வீடுதான், அச்சு அசலா எங்க வீடுதான்" என்று அவர் போட்ட சத்தம் என் சமையலறை வரை கேட்டது. மறுவாரம் கமலம் அழுத முகத்தோடு வந்து நின்றாள்.

"கப்பல் டிக்கெட் விசாரிக்கப் போறாராம்கா. படிச்சதுல ஆச கூடிப் போச்சி."

ஒரு புத்தகத்தைச் சிபாரிசு செய்ததற்காக அன்று வருந்தியதுபோல நான் என்றும் வருந்தியதில்லை. இந்தப் பக்கத்தில் எழுதி எழுதி ஒரு பெண்ணைக் கப்பலேற்றப் போகிறேனா? நானே போய்ப் பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டாள். அன்று ராத்திரி சோறு போடும்போது கணவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாளாம்.

"அந்த வீட்டுல சின்னவ எங்க உக்காந்து சாப்புடுறான்னு பாத்து சொல்லுங்க. நாளைக்கி நானும் அங்கதானே உக்காரணும்?"

சாதாரணமாகத்தான் கேட்டிருக்கிறாள். அவரும் சாதாரணமாகத்தான் புத்தகத்தை மறுபடி எடுத்திருக்கிறார்.

அதன்பிறகு அந்த வீட்டிலிருந்து சத்தமே இல்லை. டிக்கெட் பேச்சு என்ன ஆயிற்று? கமலமும் வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. பொதுவாகப் பக்கத்து வீட்டு விவகாரத்தில் மூக்கை நுழைக்காதவள் நான்... சரி, சிரிக்காதீர்கள்.

போன சனிக்கிழமை சுப்பையாவே புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். உட்காரச் சொன்னேன். நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"அக்கா, அந்தச் சின்ன மருமக பேரு என்னா?"

"சின்னவள்."

"அது மொற வச்சிக் கூப்புடுறதுக்கா. பெரியவ, நடுவுள்ளவ, சின்னவ... எங்க ஊர்ல அப்படித்தான். மத்த மூணு பேருக்கும் பேரு போட்டுருக்கு. இவளுக்குத் தேடித் தேடிப் பாத்துட்டேன், இல்ல."

எனக்கும் தெரியவில்லை. இருந்தால்தானே தெரிய?

"எங்கம்மாவும் அந்த வீட்டுக்குச் சின்ன மருமகதான்" என்றார். "அவங்க உக்காந்து சாப்ட்டு நான் பாத்ததா ஞாபகமே இல்லக்கா. நான் ஊரு வீடுன்னு ஏங்குறேனே, அதுல எங்கம்மா எங்க இருந்தாங்கன்னு யோசிச்சிப் பாத்தா, அடுப்படிதான் வருது. கமலத்த அங்க கொண்டுபோய் விட மனசு வரல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. காபி எடுத்து வருகிற சாக்கில் உள்ளே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

"அப்ப டிக்கெட்டு?"

"நேத்து ரெண்டு பேரும் குடியுரிமை ஆபீசுக்குப் போயிட்டு வந்தோம்க்கா. அவ இங்க பொறந்தவ, எனக்குத்தான் மனு எழுதணும். ஆபீசர் மலாயில கேக்கக் கேக்க நான் தட்டித் தடவிச் சொல்லிக்கிட்டிருந்தேன். மனைவி பேரு என்னான்னு கேட்டாரு. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள..."

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"அவளே சொல்லிட்டா. பக்கத்து மேசைக்காரரு திரும்பிப் பாக்குற அளவுக்குச் சத்தமா!"

நாவல் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது. இன்னும் நல்ல நாவல்தான், கட்டாயம் படியுங்கள். இரவல் கேட்டு வருகிறவர்கள் சின்னவளுக்கு ஒரு நல்ல பெயராக யோசித்துக்கொண்டு வாருங்கள்!