சவேரிமுத்து என்கிற மண்ணாங்கட்டி

லூர்துராஜைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வயது ஐம்பத்து நான்கு. ஒரகடத்தில் கார் இருக்கைக்கு உறை தைக்கும் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் பதினாறு வருடமாக வேலை. முன்கோபக்காரர். வீட்டில் அதிகம் பேசமாட்டார். யாருக்காகவும் தன் ஓ.டி.யை விட்டுக்கொடுத்தவரும் இல்லை. செத்துப்போன தாத்தாவைப் பற்றி நினைக்க அவருக்கு நேரமும் இருந்ததில்லை, காரணமும் இருந்ததில்லை. போன ஆவணியில் காரணம் வந்தது.

வல்லக்கோட்டைப் பக்கம் சாலையை ஒட்டி அவர்கள் காலனி. சாலையை அகலப்படுத்த நாற்பது வீடுகள் இடிபடும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்த நிலம் 1934இல் பதினோரு பேருக்குக் குடியிருக்கக் கொடுக்கப்பட்டது. அந்தப் பதினோரு பேரின் வாரிசுகளுக்கு மட்டும் மாற்று மனை உண்டு. மற்ற எல்லாரும் ஆக்கிரமிப்பாளர்கள். லூர்துராஜ் பிறந்த வீடு, அவர் அப்பா செத்த வீடு, இரண்டும் ஒரே வீடுதான். அது போதாது. பழைய பதிவேட்டில் ஏழாவதாக ஒரு பெயர் இருந்தது: வீரன் மகன் மண்ணாங்கட்டி. அவர் தன் தாத்தா என்று லூர்துராஜ் காட்ட வேண்டும்.

நில எடுப்பு அலுவலகத்தில் டில்லிபாபு என்ற எழுத்தர் இருந்தார். லூர்துராஜ் கொடுத்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"உன் பேரு வெங்கடேசன். உங்கப்பா கன்னியப்பன். சரி. உங்கப்பா டெத் சர்டிபிகேட்ல அவரோட அப்பா பேரு சவேரிமுத்துன்னு கீதே? எனக்கு வேண்டியது மண்ணாங்கட்டி."

"ரெண்டும் ஒரே ஆளு சார். வூட்ல சவேரிமுத்துன்னு கூப்புடுவாங்க."

"வூட்ல கூப்புட்றதெல்லாம் இங்க செல்லாது. எங்க தாத்தாவ கூட வூட்ல ராஜான்னுதான் கூப்புட்டாங்க. அதுக்கு மைசூர் அரமனைய கேக்க முடியுமா?" பக்கத்து மேசையில் சிரித்தார்கள். "ரெண்டும் ஒரே ஆளுன்னு எவனாவது எழுதி வெச்சிருந்தா கொண்டா. பதினெட்டாம் தேதி விசாரணை. அதுக்கப்புறம் வந்து அழாத." காகிதங்களை அவரிடமே திருப்பித் தந்தார்.

இந்தப் பெயர் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலனியில் பாதிப் பேருக்கு இரண்டு பெயர். ஞானஸ்நானத்தில் வைத்தது வீட்டுக்கும் கோவிலுக்கும்; இன்னொன்று பள்ளிக்கூடத்துக்கும் அரசாங்கத்துக்கும். வீட்டில் லூர்துராஜ், கம்பெனி அடையாள அட்டையில் வெங்கடேசன். அவர் மகள் வீட்டில் ஜோஸ்லின், சான்றிதழில் கலைமதி. காரணம் எளிது. சர்ச்சுக்குப் போகிறவர் என்று காகிதத்தில் ஏறினால் எஸ்.சி. சான்றிதழ் கிடையாது. மதம் மாறினால் சாதி போய்விடுகிறது என்பது சட்டத்தின் எண்ணம். டீக்கடைக்காரருக்கும் வீடு வாடகைக்கு விடுகிறவருக்கும் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே எந்தப் பெயரை எந்த வாசலில் சொல்வது என்று குழந்தைகளுக்கு நாலு வயதிலேயே பழக்கிவிடுவார்கள். தவறுவதில்லை.

லூர்துராஜ் ஒரு முறை தவறினார். அப்பா இறந்த மறுநாள், பஞ்சாயத்து அலுவலகத்தில் தாத்தாவின் பெயரைக் கேட்டபோது, அழுது ஓய்ந்திருந்த மனிதன் வாயில் வீட்டுப் பெயர் வந்துவிட்டது. பதினொரு வருடமாக அந்தச் சவேரிமுத்து யார் கண்ணிலும் படாமல் பீரோவில் கிடந்தார்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஊர்ச் சர்ச்சான பங்குக்கோவிலுக்குப் போனார். அங்கே பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் இஞ்ஞாசிக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. சாவிக்கொத்தைத் தேடுவதற்கே கால் மணி நேரம் ஆனது.

"இன்னா லூர்து, ஈஸ்டருக்கு வந்தவன். இப்ப இன்னா திடீர்னு பக்தி?"

"எங்க தாத்தா ஞானஸ்நானம் வாங்கனது எழுதிகீதான்னு பாக்கணும்."

"எந்த வருசம்?"

"தெரியாது."

"ஊர்ல அல்லாரும் இதே பதில்தான் சொல்றீங்க. உக்காரு. மொதல்லருந்து பொரட்லாம்."

1922இல் தொடங்கினார்கள். பழுப்பேறிய தாள்கள், வெள்ளைக்காரச் சாமியாரின் சாய்ந்த கையெழுத்து. வரிகள் லத்தீனில் இருந்தன; ஊர், ஆள், சாதிப் பெயர்கள் மட்டும் தமிழில். மற்றதை இஞ்ஞாசி பழக்கத்தில் படித்தார். பல வீட்டுப் பெயர்கள் கடந்து போயின. ஒரு பக்கத்தில் ஒரே நாளில் பதினான்கு பேர். அந்த வருடம் காலரா, சாவதற்கு முன் அவசரமாகக் கொடுத்த ஞானஸ்நானம் என்றார் இஞ்ஞாசி. 1929, நாற்பத்து மூன்றாவது பதிவில் அவர் விரல் நின்றது.

"சவேரிமுத்து. வயசு சுமார் பதினேழு. கூலி." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஓரத்தில் சிறிதாக ஒரு வரி இருந்தது. "முன்பு மண்ணாங்கட்டி. வீரன் மகன். டேய் லூர்து, கெடச்சிட்டான்டா உங்க தாத்தா!"

லூர்துராஜ் குனிந்து பார்த்தார். பெயருக்கு அடுத்த கட்டத்தில் சாதி எழுதியிருந்தது. தண்ணீர் ஊற்றிப் புதுப் பெயர் வைத்த அதே கை, அதே மையில், அதை அடுத்த கட்டத்தில் மறக்காமல் குறித்திருந்தது.

1934இல் நிலம் கொடுக்க வந்தவர்களிடம் இந்த ஆள் ஏன் பழைய பெயரைச் சொன்னார் என்பது யாருக்கும் தெரியாது. சாமியார் வைத்த பெயரைச் சொன்னால் நிலம் கிடைக்காது என்று பயந்திருக்கலாம். கர்ணம் அவரைக் கேட்காமலே எழுதியிருக்கவும் கூடும். பெயர் கேட்டு எழுதும் மரியாதை எல்லாருக்கும் கிடைத்ததில்லை.

பங்குச்சாமியார் அன்றே கடிதம் கொடுத்தார். சவேரிமுத்து என்பவரும் மண்ணாங்கட்டி என்பவரும் ஒருவரே, அவர் பேரன் லூர்துராஜ் என்கிற வெங்கடேசன் இப்பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கர், கீழே முத்திரை. லூர்துராஜ் அதைக் கவரில் போட்டு, சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினார். ஒருவர் சந்தோஷமாக இருந்தார் என்று எழுதுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் அன்று வீட்டுக்குள் நுழையும்போதே பேசிக்கொண்டு நுழைந்தார் என்று அவர் மனைவி ஜெபமணி சொல்கிறார். அது அவர் வழக்கமில்லை.

"தாத்தாவ புட்ச்சிட்டேன். பதினேழு வயசுல ஞானஸ்நானம். அந்தச் சாமியாரு கையெழுத்து கூட கோழி கிண்டனா மாரி அழகா கீது." கவரை மகளிடம் நீட்டினார். "நீ பட்ச்சி சொல்லு, அம்மாவுக்கு."

ஜோஸ்லின் குரூப் ஃபோர் தேர்வில் தேறியிருந்தாள். இரண்டு முறை தோற்று, ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் வயர் பின்னும் அசெம்பிளி லைனில் நின்றுகொண்டே படித்து, மூன்றாவது முறை. அடுத்த மாதம் சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. கடிதத்தைப் பாதி வரை சத்தமாகப் படித்தாள். பிறகு சத்தமில்லாமல் படித்தாள்.

"ப்பா, இத யார்ட்டயாச்சும் குடுத்துட்டியா?"

"பதினெட்டாம் தேதிதான் குடுக்கணும்."

"'இப்பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கர்'னு போட்டுகீதுப்பா. உம் பேரு போட்டு. முத்திர வெச்சி."

"ஆமா. அதான கேட்டாங்க?"

"இது தாலுகாபீசுக்குப் போவும். என் கம்யூனிட்டி சர்டிபிகேட்டு அதே தாலுகாபீஸ்ல குடுத்தது. சரிபார்க்க அங்கதான் எழுதிக் கேப்பாங்க." அவள் குரல் இறங்கியது. "உன் தாத்தா காலத்துலருந்து கிறிஸ்டின்னு நாமளே எழுதிக் குடுக்குறோம்."

ஜெபமணி அடுப்பை அணைத்தார். "அந்தக் கடைசி வரிய மட்டும் சாமியாரு எடுத்துட்டு வேற எழுதித் தர மாட்டாரா?"

"எடுத்தா இவுருதான் பேரன்னு எப்டிம்மா தெரியும்? அத எடுத்தாலும், நம்மள காட்டிக் குடுக்க சவேரிமுத்துன்ற பேரே போதும்."

"அப்ப வூடு?" என்றார் லூர்துராஜ். ஜோஸ்லின் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். "கேக்குறேன்ல, வூடு இன்னாவறது?"

"எனக்கு வேல வந்தா வாடகைக்குப் போலாம்."

"வாடகைக்குப் போறதுக்கா எங்கப்பன் அந்தச் செவுத்த எழுப்பனாரு?" கத்திவிட்டார். மகள் கத்தவில்லை. கடிதத்தை மடிப்புப் பார்த்து மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"நீயே சொல்லுப்பா. குடுன்னா குடு. நான் லைன்லயே இருந்துக்குறேன். எனக்கு அது ஒண்ணும் புதுசு இல்ல."

அவள் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பதினெட்டாம் தேதி அலுவலக வராந்தாவில் காலனிக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். லூர்துராஜின் முறை வந்தபோது டில்லிபாபு நிமிர்ந்து பார்த்தார்.

"வா வா, மண்ணாங்கட்டி பேரன். கெடச்சுதா?"

"இல்ல சார்."

"இன்னா இல்ல? போன தடவ அவ்ளோ அடிச்சி சொன்ன?"

"பழைய புக்குல்லாம் கரையான் அரிச்சிட்ச்சாம்."

"எந்த புக்கு?" டில்லிபாபு பேனாவைக் கீழே வைத்தார். லூர்துராஜ் கிட்டத்தட்ட இன்னொரு முறை தவறி, கோவில் என்று சொல்லியிருப்பார்.

"பள்ளிக்கூடத்து புக்கு சார்."

டில்லிபாபு பேனாவை மறுபடி எடுத்து எழுதத் தொடங்கினார். அவருக்குப் புரிந்திருக்கலாம், அந்த நாற்காலியில் இருபது வருடம் உட்கார்ந்தவர். புரிந்தது என்று காட்டிக்கொள்ளவில்லை. அதை இரக்கம் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அவ்வளவு தூரம் போக மனமில்லை. எழுதியதைப் படித்துக் காட்டினார்.

"மேற்படி மண்ணாங்கட்டி என்பவருக்கும் எனக்கும் யாதொரு உறவும் இருப்பதாகக் காட்ட என்னிடம் ஆவணம் இல்லை. பிற்காலத்தில் உரிமை கோரமாட்டேன். சரிதானே?"

"சரி சார்."

"அப்ப அந்த ஆளு உனக்கு இன்னா வேணும்?"

"தெரியாது சார்."

"கையெழுத்து போடு."

தாத்தாவைத் தேடிப் போன நாட்களில் அவருக்கு அந்த ஆளின் வயது தெரிந்தது, வேலை தெரிந்தது, எந்த வருடக் காலராவில் தப்பினார் என்பதுகூடத் தெரிந்தது. ஐம்பத்து நான்கு வருடத்தில் அவ்வளவு நெருங்கியதில்லை. பேனா எழுதவில்லை. டில்லிபாபு வேறொன்று கொடுத்தார். லூர்துராஜ் போட்டார்.

வெளியே வேப்பமர நிழலில் ஜோஸ்லின் நின்றிருந்தாள். வரவேண்டாம் என்று சொல்லியும், ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"இன்னாப்பா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன்."

"எவ்ளோ நாளு டைம் குடுத்துகீறாங்க?"

"ரெண்டு வாரம்."

அவள் ஏதோ சொல்ல வந்தாள். அவர் அதற்குள் சாலையைப் பார்த்துக் கையைக் காட்டி, சிங்கப்பெருமாள் கோவில் போகும் ஷேர் ஆட்டோவை நிறுத்தினார். அங்கே ஸ்டேஷன் பக்கம் ஒரு வீடு காலியாக இருப்பதாக ஸ்டோர்ஸில் ஒருவன் சொல்லியிருந்தான்.

"ஏறு" என்றார். "வூட்டுக்காரன் உம் பேரு கேட்டா கலைமதின்னு சொல்லு."