எரிமலைக்குப் போகும் மகளோடு சிதம்பரம் வரை

காலை 7.10. நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூர் வந்து இறங்கி, ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு, நானும் என் மகள் கயல்விழியும் சிதம்பரம் பேருந்தில் ஏறினோம். டீ பன்னிரண்டு ரூபாய். சிதம்பரம் இங்கிருந்து நாற்பத்தைந்து கிலோமீட்டர் போல இருக்கும்.

நான் சர்க்கரை ஆலையில் முப்பது வருடம் பாய்லர் பார்த்து ஓய்வுபெற்றவன். கயல் சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் ஆராய்ச்சி செய்கிறாள். இந்தோனேசியாவில் ஓர் எரிமலையின் அருகே ஆறு மாதம் தங்கப்போகும் குழுவில் அவள் பெயரும் இருந்தது. பத்து நாளாக நான் அவளிடம் சரியாகப் பேசவில்லை. "உங்க மேடத்த ஒருதடவ பாக்கணும்" என்று மட்டும் சொல்லிக் கூட வந்தேன். அவள் பெயரை எடுத்துவிடச் சொல்லி மேடத்திடம் கேட்கப்போவதை அவளிடம் மறைத்துவிட்டேன்; அவள் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

7.50. ஆலப்பாக்கம் தாண்டியதும் காற்றில் உப்பு வாடை. அவளே பேச்சை ஆரம்பித்தாள்.

"அப்பா, ரொம்ப ஆழத்துல சூட்டுல பாறையே கொஞ்சம் கொஞ்சமா உருகும்ப்பா. உருகுனது சுத்தி இருக்கற பாறைய விட லேசு. அதான் விரிசல் கெடச்ச பக்கமா மேல ஏறும். சில கிலோமீட்டர் கீழ ஒரு எடத்துல சேந்து நிக்கும். வருஷக் கணக்கா கூட நிக்கும்."

"அப்பறம் எதுக்கு வெடிக்குது?"

"அதுக்குள்ள நீராவி, வாயு எல்லாம் கரைஞ்சிருக்கும். மேல வர வர அழுத்தம் கொறையும். கரைஞ்சதெல்லாம் குமிழா பிரியும். கொழம்பு தண்ணியா இருந்தா வாயு தப்பிச்சுடும், சும்மா வழிஞ்சு ஓடும். கெட்டியா இருந்தா..."

"தெறிக்கும். பாகு மாதிரி" என்றேன்.

"அதேதான்ப்பா!" என்று என் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடவில்லை.

முன்சீட்டில் பூக்கூடையோடு இருந்த ஓர் அம்மா திரும்பினார். "ஏம்மா, அது நம்ம ஊருக்கும் வந்துடுமா?"

"வராதுக்கா. நம்ம ஊருக்கு அடியில அந்த மாதிரி எதுவும் இல்ல."

"அப்ப நீ எதுக்கு கண்ணு அங்க போற?"

நான் கேட்க நினைத்து அடக்கி வைத்திருந்த கேள்வி அது.

"அடிவாரத்துல ஊருங்க இருக்குக்கா. கொழம்பு மேல வரும்போது தரை லேசா வீங்கும், சின்னச்சின்னதா அதிரும். அத அளந்துகிட்டே இருந்தா, எப்ப கெளம்பணும்னு அவுங்களுக்கு முன்னாடியே சொல்லலாம்."

அந்த அம்மா கூடையிலிருந்து ஒரு முழம் மல்லிகை எடுத்து அவளிடம் நீட்டினார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

10.30. பல்கலைக்கழகம். கயல் மேடம் என்று சொல்லும் பேராசிரியை என்னைவிட இளையவர். எழுந்து நின்று வணக்கம் சொன்னார். கயலை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். சொல்ல வேண்டியதைப் பேருந்திலேயே மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"கருவியில அளவு ஏறுச்சுன்னா, இந்தப் புள்ளைங்கள மொதல்ல கீழ எறக்கிடுவீங்களா?"

"மாணவர்கள்தான் முதல்ல இறங்குவாங்க. எரிமலை வாய்க்குப் பக்கத்துல போக விடமாட்டோம். ஆனா ஒண்ணுமே ஆகாதுன்னு நான் உறுதி கொடுக்க முடியாதுங்க. சில சமயம் அளவு எதுவும் காட்டாமலே நடந்துடும்."

பொய் சொல்லியிருந்தால் பெயரை எடுக்கச் சொல்லியிருப்பேன். பாய்லர் பக்கத்தில் வேலை கற்றுக்கொடுத்தவர்களில் நான் நம்பியது, "பயப்படாதே" என்று சொல்லாதவர்களை மட்டும்தான்.

"பாத்துக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பகல் 12.15. சிதம்பரம் பேருந்து நிலையம். கடலூர் வண்டியில் இருவரும் ஏறி உட்கார்ந்து, அது கிளம்பக் காத்திருந்தபோது அவளிடம் சொன்னேன்.

"கயலு, உன் பேர எடுக்கச் சொல்லத்தான் வந்தேன்."

"தெரியும்ப்பா. அம்மா நேத்தே சொல்லிட்டாங்க."

"தெரிஞ்சுமா கூட்டியாந்த?"

"நீங்க கேட்டுத் தெரிஞ்சுக்காம என்னைய அனுப்பி வச்சா, ஆறு மாசமும் தூங்கமாட்டீங்கல்ல."

பேருந்து நகர்ந்தது. இரண்டு பக்கமும் வயல்; கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு மேடு இல்லை. இப்படி ஒரு சமதளத்தில் பிறந்த பெண், உள்ளே நெருப்பு நகரும் மலையடியில் போய் நிற்கப்போகிறாள். கேட்க எவ்வளவோ இருந்தது. வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது ஒன்றை மட்டும் கேட்டேன்.

"அங்க சோறு கெடைக்குமா?"

அவள் சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

"மூணு வேளையும் சோறுதான்ப்பா."