சபாரத்தினம் அண்ணையின் யப்பான்காரர்

பனி கரையாத ஒரு பங்குனிக் காலையில் மாலதி தொலைபேசி எடுத்தார். “அங்கிள், அப்பா எங்களை விட்டிட்டுப் போட்டார்.” அடுத்ததாக, “பேப்பருக்கு அறிவித்தல் குடுக்கவேணும். தம்பியின்ரை பேரை எப்பிடிப் போடுறது?” என்று கேட்டார். என் நண்பர் சபாரத்தினம் அவர்களின் மறைவு இந்தக் கேள்வியோடுதான் என்னிடம் வந்தது.

இந்த முப்பத்தோராம் நாள் மலரில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதியவர்கள் யப்பான்காரரைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை கண்டால் நேரில் வந்து சொல்லுங்கள்.

அண்ணை காங்கேசன்துறையில் சுங்க உத்தியோகத்தராக இருந்தவர். வெளிநாட்டுக் கப்பல்களில் ஏறிக் கப்டன்மாரோடு பேசுவது அவர் வேலை. சண்டை முற்றியபோது மகளோடு ரொறன்ரோ வந்தார். மகன் குகனை ஊரில் தன் தமக்கையிடம் விட்டுவிட்டு வந்தார். பிறகு கூப்பிடலாம் என்பது எண்ணம்.

இங்கே மல்வேர்ன் நூலகத்தில், ஒரு புத்தகத்தில்தான் அந்த யப்பான்காரரைக் கண்டுபிடித்தார். பழைய யப்பானில் ஷோகன் என்ற படைத்தலைவர்களின் ஆட்சியில் துறைமுகம் காத்த சிறிய உத்தியோகத்தர். அமெரிக்கரின் கரும்புகைக் கப்பல்கள் வந்தபோது, பெரிய அதிகாரியை மட்டுமே ஏற்றுவோம் என்றார்களாம். இவர் தன்னைத் துணை ஆளுநர் என்று சொல்லி ஏறிவிட்டார். “நானும் உதைத்தான் செய்தனான்!” என்று அண்ணை மேசையில் தட்டுவார். “ஒரு கிரேக்கக் கப்டன் என்னைப் பியோன் எண்டு நினைச்சான். நான்தான் பெரிய துரை எண்டு சொல்லி ஏறினன்.”

சனிக்கிழமைகளில் மோலில் கோப்பியோடு கூடும் எங்களுக்கு அந்த மனிதரின் உத்தியோகக் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவந்தார். “அண்ணை, இண்டைக்கு யப்பான்காரர் பஸ்ஸைத் தவறவிட்டிட்டாரோ?” என்று, கதை தொடங்கப் பிந்தினால், எவராவது சீண்டுவார். “அவர் உன்னை மாதிரி ட்ரான்ஸ்பர் துண்டுக்கு ட்ரைவரோடை சண்டை பிடிக்கிற ஆளே?” என்பார் அண்ணை.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் வெளியேறியது. தமக்கை வன்னிக்குப் போய்ச் சேர்ந்தார். குகன் சேரவில்லை. அவனைக் கண்டவர் இல்லை. இறந்ததாகச் சொன்னவரும் இல்லை.

அதன்பிறகு அண்ணை கதை சொல்வதை நிறுத்திவிட்டார். ஒருநாள் என்னிடம் மட்டும், “அவர் வாறவர்” என்றார். “ஆர்?” என்றேன். “யப்பான்காரர். பல்கனியிலை நிக்கிறார். உடுப்பெல்லாம் உப்புத்தண்ணி. ஒண்டும் பறையிறாரில்லை.”

நான் சிரிக்கவில்லை. “அவருக்குக் கடைசியிலை என்ன நடந்தது?” என்று கேட்டேன்.

தான் சேவித்த ஆட்சி கவிழ்ந்த பின்னும் அந்த மனிதர் சரணடையவில்லையாம். வடக்கே ஒரு காவற்கோட்டையில் மகன்மார் இருவரோடு நின்று, மூவரும் ஒரே நாளில் மடிந்தார்களாம்.

“கூட்டிக்கொண்டு போன ரெண்டு பெடியளும் செத்தாங்கள். சின்னவனை வீட்டிலை விட்டிட்டுப் போனவர். அவன் தப்பியிட்டான். விளங்குதோ? விட்டிட்டுப் போன பிள்ளைதான் தப்பினது. என்ரை பெடியனும் அப்பிடித்தானோ எண்டு நான் அவரிட்டைக் கேக்கிறன். அவர் ஒருநாளும் ஓம் எண்டு சொல்லுறாரில்லை.”

அறிவித்தல் எழுத யூனியன்வில்லிலிருந்து உறவினர் வந்தார்கள். குகனின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போடுவதுதான் முறை என்றார்கள். “இத்தனை வருசமாச்சு, ஏன் இன்னும் எங்களை நாங்களே ஏமாத்துவான்?” என்றார் ஒருவர்.

“செத்ததைக் கண்டனீரோ?” என்றேன்.

“காணேல்லை. ஆனா…”

“அப்ப வாயைப் பொத்தும்.”

மாலதி என்னைப் பார்த்தார். பிறகு தானே பேனாவை எடுத்து, உயிரோடிருப்பவர்களுக்கு ஊர் போடுவதுபோல ‘குகன் (இலங்கை)’ என்று எழுதினார். அப்படியே அச்சாகியது. இன்றைக்கும் என்னோடு முகங்கொடுத்துப் பேசாதவர்கள் உண்டு. பேசவேண்டாம்.

தகனசாலையில் மகன் செய்யவேண்டியதை மகள் செய்தார். அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கக்கூடிய இடம் வெறுமையாகக் கிடந்தது. உறவினர் ஒருவர் அதில் வந்து நிற்கப் பார்த்தார். “தள்ளி நில்லும்” என்றேன். பெட்டி உள்ளே போய்க் கதவு மூடும்வரை அங்கே எவரையும் நிற்கவிடவில்லை.

போய்வாருங்கள் அண்ணை. குகன் வந்து உங்களைக் கேட்டால், பதில் சொல்ல நான் இருக்கிறேன்.