போன் காட்டிய குறுக்குப்பாதை

நான் தமிழ்நாட்டில், மண்டபம் அகதி முகாமில் பிறந்தவள். இருபத்திரண்டு வயதில் அம்மாவோடு மன்னாருக்குத் திரும்பி வந்தபோது இங்கே ஒரு தெருவோ ஒழுங்கையோகூட எனக்குத் தெரியாது. சில வருடங்கள் கழித்து, இணையத்தில் வாங்கும் சாமான்களை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குக் கேட்டுப் போனேன். வழி தெரியாதே என்றேன்.

“வழி உங்களுக்குத் தெரியத் தேவையில்லை, தங்கச்சி. போனுக்குத் தெரியும்” என்றார் மேற்பார்வையாளர்.

அது பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது. போர் முடிந்து மீளக்குடியேறிய ஊர்களில் வீட்டுக்கு இலக்கம் கிடையாது. வாங்குகிறவர் போன் வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பார். நான் ஸ்கூட்டியில் அந்தப் புள்ளிக்குப் போவேன்.

அன்றைக்குப் பன்னிரண்டு பார்சல்கள். முதலாவது வெள்ளாங்குளத்துக்கு உட்புறம், ஒரு வயல்காரர் வீட்டுக்கு. வயதுக்கு வந்த அவர்களுடைய மகளுக்கு மறுநாள் சாமத்திய வீடு. பார்சலில் இருந்தது அதற்கான சீலை. தாய் காலையிலிருந்து இரண்டு தடவை போன் எடுத்துவிட்டார். தார் ரோட்டால் போனால் சுற்று. போன் பற்றைக்காட்டுக்குள்ளால் ஒரு பாதையைக் காட்டியது. பாதி நேரம் மிச்சம் என்றது. திரும்பினேன்.

பாதை முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு சருகு மூடி, எது பாதை எது காடு என்று தெரியாமல் போயிற்று. தூரத்தில் ஓட்டுக் கூரை தெரிந்தது. அதற்கு முன்னால் ஒரு கம்பியில் சின்னப் பலகை. நான் பிரேக் பிடித்து, ஒரு காலை ஊன்றி, அந்தத் தாய்க்குப் போன் எடுத்தேன்.

“உங்கட வீட்டுக் கூரை தெரியுது. இன்னும் ரெண்டு நிமிசத்தில வந்துடுவேன்.”

“எந்தப் பக்கத்தால வாறீங்கள்?”

“காட்டுப் பாதையில. ஒரு பலகைகிட்ட இருக்கேன்.”

அவர் மெதுவாகக் கேட்டார். “பலகையில என்ன எழுதியிருக்கு?”

“ஒண்ணும் எழுதலையே. வெறும் தகரம்.”

“எழுத்து எங்கட பக்கம் பாத்து நிக்குது, பிள்ளை. அது மிதிவெடிப் பலகை. நீங்கள் உள்ளுக்க நிக்கிறீங்கள். காலை எடுக்காதேங்கோ.”

ஊன்றிய காலைக் கையால் அழுத்திப் பிடித்தேன். வந்த தடத்திலேயே திரும்பலாம் என்று பின்னால் பார்த்தேன். காய்ந்த சருகில் ஸ்கூட்டிச் சில்லுத் தடம் ஒரு முழம்கூடத் தெரியவில்லை.

அவருடைய கணவர் பலகைக்கு அப்பால் ஓடிவந்து நின்றார். “வெடி எடுக்கிற ஆக்களுக்குச் சொல்லிப்போட்டன். வருவினம். இருந்த இடத்தில இருங்கோ!” என்று கத்தினார்.

அதற்குள் கம்பனிக் கந்தோரிலிருந்து மேற்பார்வையாளரின் அழைப்பு. “ஏன் ஒரே இடத்தில நிக்கிறீங்கள்? இன்னும் பதினொரு பார்சல் இருக்கெல்லே?”

சொன்னேன். “சரி, கவனம். ஆனால் தாமதத்துக்குக் காரணம் ஒண்டு போட்டுவிடுங்கோ. இல்லாட்டி உங்கட கணக்கு தானாப் பூட்டுப்படும்.”

போனில் மூன்று காரணங்கள் இருந்தன: முகவரி பிழை, வாடிக்கையாளர் இல்லை, வாகனப் பழுது. முகவரி சரி. வாடிக்கையாளர் கணவருக்குப் பக்கத்தில் வந்து நின்று அழுதுகொண்டிருந்தார். ஸ்கூட்டியில் ஒரு குறையும் இல்லை. நான் வாகனப் பழுது என்று அமுக்கினேன்.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் வெடி அகற்றுபவர்கள் வந்தார்கள். முகக்கவசம் போட்ட ஒரு பெண், கையில் வெடி தேடும் கருவியோடு, பலகைப் பக்கமிருந்து முழந்தாளில் என்னை நோக்கி வந்தார். ஒரு அடி துழாவுவார், சருகை ஒதுக்குவார், இரு பக்கமும் வெள்ளைக் கழி நடுவார், அடுத்த அடி. வெயில் உச்சியில் நின்றது. ஊன்றிய கால் மரத்துப்போய், அது என்னுடையதா என்பதே சந்தேகமாயிற்று.

“எந்த ஊர்?” என்று தலை நிமிராமல் கேட்டார். நான் பயத்தில் ஏதும் செய்துவிடாமல் இருக்கப் பேச்சுக் கொடுக்கிறார் என்று புரிந்தது.

“முகாம்ல பிறந்தேன். அம்மாவுக்கு இங்க, மன்னார்ல முசலிப் பக்கம்.”

“அப்ப முசலி எண்டு சொல்லுங்கோவன்.”

எனக்கு இரண்டு முழம் இருக்கையில் கருவி கத்தியது. அவர் நின்றார். வலப்பக்கம் சிவப்புக் கழி ஒன்றை நட்டார்.

“அங்க என்ன?” என்று கேட்டேன்.

“முதல் வெளியில வாங்கோ. பிறகு சொல்லுறன்.”

ஸ்கூட்டியை விட்டுவிட்டு, பார்சலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அவர் மிதித்த இடத்திலேயே மிதித்து வெளியே வந்தேன். பிறகும் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மாலையில் அந்தச் சிவப்புக் கழிப் பக்கமிருந்து, அவர்கள் அதை வெடிக்கவைத்த சத்தம் கேட்டது. ஸ்கூட்டியை அவர்கள் எடுத்துத் தரும்வரை வயல்காரர் வீட்டு முற்றத்தில் கதிரையில் இருந்த நான் தேத்தண்ணியைக் கொட்டிவிட்டேன்.

அந்தப் பாதை பிழை என்று அன்றிரவே கம்பனிக்கு எழுதினேன். கருத்துக்கு நன்றி என்று உடனே பதில் வந்தது. மறுநாள் பார்த்தபோதும் போன் அதே பாதையைத்தான் காட்டியது. எனக்கு ஆத்திரம் வந்தது. எங்களோடு பார்சல் கொண்டு ஓடுகிற எல்லோருக்கும், அந்தப் பாதையால் போகவேண்டாம் என்று குரல் செய்தி அனுப்பினேன். சாமத்திய வீடு முடிந்ததும் வயல்காரரும் நானும் தார் ரோட்டில் அந்தப் பாதை பிரியும் இடத்துக்குப் போய், இரண்டு பனங்குற்றிகளைக் குறுக்கே போட்டோம். ஒரு தகரத்தில் இரு பக்கமும் மிதிவெடி என்று எழுதிக் கட்டினோம்.

இரண்டு கிழமை கழித்து, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் போன் எடுத்தார். “அக்கா, மிதிவெடி எண்டு ஒரு தகரம் கிடக்கு, பழசாக்கும். போன் நேர போகச் சொல்லுது. குற்றி குறுக்க கிடக்கு. இழுத்துப்போட்டுப் போகட்டோ?”

“தொடாதேங்கோ! திரும்பி ரோட்டுக்கு வாங்கோ. நான் வழி சொல்லுறன், லைன்லயே நில்லுங்கோ.”

அவருடைய மோட்டார் சைக்கிள் திரும்பும் சத்தம் கேட்டதும், தார் ரோட்டு வழியை முதல் வளைவிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.