கறுப்பு ஆற்றில் நின்ற எஞ்சின்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் மூன்று கடைகள், சொந்த வீடு, பிள்ளைகளின் படிப்பு, எல்லாம் ஊரில் மீன்பிடி வள்ளங்களில் எஞ்சின் திருத்திய இந்தக் கை உண்டாக்கியவை. அங்கிருந்து பிரேசில் பார்க்க வந்த இடத்திலும் அதே கைதான் உதவுகிறது.

மனாவுஸ் நகருக்குக் கிட்டக் கறுப்பு ஆறும் மண்ணிற ஆறும் கலக்காமல் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. சரியாக அந்தக் கோட்டின் மேல் எங்கள் படகு எஞ்சின் நின்றுவிடுகிறது. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. தூரத்தில் சரக்குக் கப்பல் ஒன்று எங்களை நோக்கி வருகிறது. படகுக்காரக் கிழவரோ கைகட்டி இருக்கிறார்.

"ஆறு பிடிச்சிருக்கு. அது விடும்வரை தொடக்கூடாது" என்கிறார் அரைகுறை இங்கிலீசில்.

"கப்பல் விடுமோ ஐசே? தள்ளி நில்லும்!"

எஞ்சினின் பிளக்கைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துப் பூட்டி, கயிற்றை இழுக்கிறேன். எஞ்சின் உறுமுகிறது. படகு விலக, கப்பல் கடந்து போகிறது.

கிழவர் தண்ணீரைக் கும்பிடுகிறார். "ஆறு விட்டிட்டுது."

"ஆறில்லை, நான்! என்ரை பேர்..."

அவர் என் வாயைப் பொத்துகிறார். "இங்கை பேரைச் சொன்னால் அது வைச்சுக்கொள்ளும்."

படகின் அடியில் மூன்று தரம் தட்டும் சத்தம் கேட்கிறது. கரை வரும்வரை நான் வாய் திறக்கவில்லை.

மண்ணில் கால் வைத்ததும், துறையில் நிற்கிற சனத்துக்கு முன்னால் அவர் தோளைப் பிடிக்கிறேன்.

"இப்ப சொல்லும் ஐசே, எல்லாருக்கும் கேக்க. எஞ்சினைக் கிளப்பினது ஆர்?"